மண்ணின் பொறுமை

பிள்ளைகளே, உங்களில் பலர் மண்ணை மிதிக்காமலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிடுகிறீர்கள். எட்டாவது மாடியில் வீடு, கீழே சிமென்ட் தளம், வெளியே தார்ச்சாலை, அலுவலகத்தில் வழவழப்பான தரை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிழைப்பு உங்களை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் உங்களில் சிலர் சமையலறை மேடையிலும் பால்கனி ஓரத்திலும் மண்ணில்லாமல், வெறும் தண்ணீரில் கீரை வளர்க்க முனைவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. நான் நெடுங்காலம் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள். ஓய்வுபெற்ற பின் சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் இதே முறையில் கீரையும் புதினாவும் வளர்த்துவருகிறேன். செடியையும் உடம்பையும் அருகருகே வைத்துப் பார்த்துவந்ததில் எனக்குத் தெளிவான ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

பொறுமைக்கு நிலத்தைச் சொல்வது நம் மரபு. தாவரவியல் படித்தவர்களுக்கு அது அப்படியே உண்மை. உரத்தை ஒரு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டாலும் மண் துகள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் சேர்த்து வைத்த ஈரத்தால் செடியைக் காக்கும். அமிலமோ காரமோ சட்டென்று ஏறிவிடாமல் தாங்கிக்கொள்ளும். தண்ணீரில் வளரும் செடிக்கு இந்தத் தாங்கல் கிடையாது. இன்று கரைசலில் நேர்ந்த பிசகு இரண்டொரு நாளில் இலையில் தெரிந்துவிடும். ஆகவே மண் செய்த வேலை வளர்ப்பவர் கைக்கு வருகிறது. மண் காட்டிய பொறுமையையும் அவரே காட்ட வேண்டியிருக்கிறது.

நம் உடம்புக்கும் இதேதான் நேர்ந்திருக்கிறது. என் பெற்றோர் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்ததில்லை. வயலுக்கு நடந்தார்கள், கிணற்றில் இறைத்தார்கள், வெயிலில் நின்றார்கள், விளக்கை அணைத்ததும் தூங்கினார்கள். அந்த வாழ்க்கையில் வறுமையும் நோயும் நிறைய இருந்தன. ஆனாலும் நடையும் வெயிலும் தூக்கமும் கேளாமலே கிடைத்தன. உங்களுக்கு அவை கேட்டாலும் எளிதில் கிடைப்பதில்லை. நீங்களே அளந்து, நேரம் ஒதுக்கி, உங்கள் உடம்புக்குக் கொடுத்தாக வேண்டும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

மண்ணில்லா வளர்ப்பு நேற்று முளைத்த வித்தை என்று எண்ண வேண்டாம். 1699-இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினா இனச் செடியை மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்டத்து மண் கலந்த நீர் என்று பலவகை நீரில் வளர்த்துப் பார்த்தார். தெளிந்த நீரைவிட மண் கலந்த நீரில் செடி நன்றாக வளர்ந்தது. நீரைத் தவிர மண்ணிலிருந்து வேறு ஏதோ செடிக்குப் போகிறது என்று அவர் கண்டார். அந்த 'வேறு ஏதோ' எவையெவை என்பதை 1860-களில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் உப்புகளைக் கரைத்துக் கரைத்து ஆராய்ந்தார்கள். 1930-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் தொட்டிக் கரைசலில் ஏணி போட்டுப் பறிக்கும் உயரத்துக்குத் தக்காளிக் கொடிகளை வளர்த்துக் காட்டினார். 1937-இல் இந்த முறையை 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று அழைத்து எழுதியவரும் அவரே.

செய்தி பரவியதும் பெரும் ஆரவாரம் எழுந்தது. இனி வயலே வேண்டாம் என்றுகூடப் பேசினார்கள். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-இல் ஒரு சிறு வெளியீட்டில் நிதானமாகப் பதில் எழுதினார்கள். நீரில் வளர்த்தால் நல்ல மண்ணை மிஞ்சிய அதிசய விளைச்சல் வந்துவிடாது என்று எடுத்துக்காட்டி, எந்த உப்பு எவ்வளவு வேண்டும் என்ற அளவுகளையும் கொடுத்தார்கள். ஆரவாரம் அடங்கிவிட்டது. அந்த அளவுக் குறிப்பு மட்டும் ஹோக்லண்ட் கரைசல் என்ற பெயரில் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. உங்கள் கைப்பேசிக்கு நாள்தோறும் வரும் ஆரோக்கியக் குறிப்புகளையும் இப்படித்தான் எடை போட வேண்டும். ஒரு வாரத்தில் தொப்பை கரையும், ஒரே கஷாயத்தில் சர்க்கரை ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் அளவு என்ன, எதற்குத் தீங்கு, யார் உட்கொள்ளக் கூடாது என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லாதவரிடம் உடம்பை ஒப்படைக்காதீர்கள்.

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் தொடங்க முடியும் என்பதும் சரியில்லை. 1946-இல் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் அன்றைய டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்போங்கில், சாதாரணக் குடும்பங்கள் கையாளக்கூடிய எளிய முறையை உருவாக்க முனைந்தார். அது வங்காள முறை என்று பெயர் பெற்றது. உங்களுக்கு ஒளி புகாத, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். மூடியில் துளையிட்டு, பக்கமெல்லாம் ஓட்டையுள்ள சிறு தொட்டியைப் பொருத்துங்கள். தேங்காய் நார்த்தூளிலோ ஸ்பாஞ்சுத் துண்டிலோ முளைத்த நாற்றை அதில் நடுங்கள். கடையில் கிடைக்கும் சத்துக் கரைசல் ஏ, பி என்று இரண்டு புட்டிகளாக இருக்கும். முதலில் ஒன்றை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். இரண்டையும் கெட்டியாக ஒன்றோடொன்று சேர்த்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் கூடி அடியில் படிந்துவிடும். செடிக்கு அவை சேராது.

கரைசலின் அமில-கார அளவான பிஹெச் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கட்டும். கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் இசி, லெட்டூஸ் இலைக்கு சென்டிமீட்டருக்கு 0.8 முதல் 1.2 மில்லிசீமன்ஸ் வரை போதும். பல சென்னை வீடுகளின் போர் தண்ணீரில் உப்பு மிகுதி என்பதால், சத்தைக் கலக்கும் முன்பே தண்ணீரை அளந்து பாருங்கள். மோட்டார் வேண்டாம் என்பவர்களுக்கு ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறை இருக்கிறது. வாளியை ஒருமுறை நிரப்பிவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே உண்டாகும் ஈரக் காற்றிடத்தில் வேர்கள் மூச்சுவிடும். குறைகிறதே என்று பதறி மறுபடி விளிம்புவரை ஊற்றிவிடக் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிவிடும். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருப்பதும் வளர்ப்பில் ஒரு வேலை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்வோம். கண்ணாடிக் குடுவைகளுக்குள் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்காதபடி கறுப்புத் தாள் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு செடியை நிறுத்துவோம். ஒரு குடுவையில் எல்லாச் சத்தும் இருக்கும். மற்ற ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சத்து விடுபட்டிருக்கும். தொடக்கத்தில் எல்லாச் செடியும் ஒன்றுபோலவே இருக்கும். விதையிலிருந்த சேமிப்பு தீர்ந்த பிறகே வேறுபாடு தலைகாட்டும். நைட்ரஜன் இல்லாத குடுவையில் மூத்த இலைகள் முதலில் மஞ்சளாகும். செடி தன் பழைய இலையிலிருந்து நைட்ரஜனை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. இரும்பு இல்லாத குடுவையில் நிலைமை தலைகீழ். இரும்பு அப்படி இடம் மாறாது. மூத்த இலை பச்சையாக நிற்க, இளந்தளிர் நரம்பைத் தவிர மற்றெங்கும் வெளுத்துப்போகும். நைட்ரஜன் லிட்டருக்கு நூறு, இருநூறு மில்லிகிராம் வேண்டும் செடிக்கு, இரும்பு சில மில்லிகிராம் இருந்தால் போதும். அந்தச் சில மில்லிகிராம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நிறைய இருந்தும் பயனில்லை.

அந்தச் சோதனை நடந்த வகுப்பொன்றில் ஒரு மாணவி பிற்பகலானால் மேசைமீது சாய்ந்துவிடுவாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவாள். படிப்பில் அக்கறையில்லை என்று சிலர் பேசினார்கள். வீட்டிலும் சோம்பேறி என்ற பெயர். ஒருநாள் வெளுத்த தளிரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மேடம், இந்தச் செடிக்கு என்ன குறைன்னு எழுதிட்டேன். எனக்கு என்ன குறைன்னுதான் தெரியல" என்றாள். கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் சொன்னபடி இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டாள். முதலில் குமட்டல் இருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு அதே மாடிப்படியில் பேசிக்கொண்டே ஏறினாள்.

அவள் தனியாள் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. ஆகவே பிள்ளைகளே, சோர்ந்திருக்கும் ஒருவரைச் சோம்பேறி என்று தீர்ப்பெழுதும் முன் ஒருமுறை ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பு ஏற்க உதவும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பாலக் போன்ற கீரையில் இருக்கும் இரும்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை என்பதையும் அறிந்திருங்கள். கீரை நல்ல உணவு. மூண்டுவிட்ட ரத்தச்சோகைக்கு மருத்துவரே துணை.

குறைவு இப்படி என்றால் மிகுதி வேறு விதமாகத் தாக்கும். எங்கள் எதிர்வீட்டு இளைஞர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். ஆசையோடு நான்கைந்து வாளிகளில் கீரை போட்டிருந்தார். ஊருக்குப் புறப்பட்டபோது சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒரு வாரத்துக்குத் தேவையான சத்தையும் சேர்த்தே ஊத்திட்டேம்மா, நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றார். சில நாளில் பார்த்தால், வாளி நிறையத் தண்ணீர் இருக்க, செடிகள் துவண்டு கிடந்தன. வெட்டிய மாங்காயில் உப்பைப் போட்டால் அது நீர் விட்டுச் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கரைசலில் உப்பு மிகும்போது வேரும் அப்படித்தான் நீரை இழக்கிறது. கரைசலைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றிவைத்தேன். பாதிச் செடிகள் மீண்டன.

அன்பு மிகுந்த இடத்தில்தான் பெரும்பாலும் அளவு தவறுகிறது. உடம்பைத் தேற்ற வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகள் வைட்டமின் மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கி விழுங்குவதைக் காண்கிறேன். வைட்டமின் ஏ, டி போன்றவை கொழுப்பில் கரைபவை. மிகுந்தால் எளிதில் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கித் தீங்கு செய்யும். உப்பும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டுவிட்டதா என்பது அளந்தால் மட்டுமே தெரியும். தலைவலியோ மயக்கமோ வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வாரத்துத் தண்ணீரை ஒரே நாளில் குடிக்க முடியாது, ஒரு வாரத்துத் தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை தூங்கித் தீர்க்கவும் முடியாது. அன்றன்றைக்கு உரியதை அன்றன்று கொடுப்பதே சிக்கனம்.

சென்னையின் கத்திரி வெயிலில் தண்ணீர்ச் செடிகளுக்கு இன்னொரு சோதனை வரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பத்தில் வேருக்கு மூச்சுத் தேவை கூடும்போது காற்று குறைகிறது. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி, வழுவழுத்து, நாற்றமெடுக்கும். பித்தியம் என்ற, பூஞ்சாணம் போன்ற வேரழுகல் நுண்ணுயிரி இந்தத் தருணத்தில்தான் நுழையும். வாளியை வெயில் படாத இடத்துக்கு மாற்றி, வெள்ளைத் துணி சுற்றி, தேவையானால் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கரைசலில் மிதக்கவிடுங்கள். இலை பசுமையாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல் மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள்.

வேருக்கு மூச்சைப்போலப் பல செடிகளுக்கு இருளும் வேண்டும். இரவும் பகலும் விளக்கெரித்தால் இரட்டிப்பாக வளரும் என்று சிலர் நினைப்பதுண்டு. தக்காளிச் செடியை 24 மணி நேரமும் ஒளியில் வைத்தால் அதன் இலைகள் மஞ்சளித்துக் காயப்படும். இது ஆய்வாளர்கள் நன்கு அறிந்த உண்மை. என் உறவில் ஒரு பிள்ளை வெளிநாட்டு நேரத்துக்கு இரவு வேலை பார்த்தான். பகலில் துணி துவைக்க, வங்கிக்குப் போக, நண்பரைப் பார்க்க என்று தூக்கத்தைத் துண்டு துண்டாக்கினான். எடை ஏறியது, எரிச்சல் ஏறியது. வேலையை விட அவன் வீட்டு நிலைமை இடம் தரவில்லை. ஆகவே தூக்கத்துக்கு ஓர் ஒழுங்கு செய்யச் சொன்னேன். கெட்டித் திரை போட்ட அறை, கைப்பேசி வெளியே, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கை, 7 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம். விடுமுறையிலும் அதை மாற்றாமல் காத்தான். சூழ்நிலையை மாற்ற முடியாத இடத்திலும் ஒழுங்கைக் காக்க முடியும் என்பதற்கு அவனே சாட்சி.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பார்கள். நவதானியத்தை ஓட்டில் விதைத்து, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்துவருவார்கள். சில நாளில் பயிர் வெளிர்மஞ்சளாக, நெட்டென்று எழும். தெய்வத்துக்குப் படைத்து நீர்நிலையில் சேர்க்கும் பயிருக்கு அந்த நெடுமை அழகு. உண்பதற்கு வளர்க்கும் நாற்று அப்படி நெடுத்தால் அது வலிமை என்று ஏமாறக் கூடாது. ஒளியைத் தேடி, விதையின் சேமிப்பைச் செலவழித்து அது நீள்கிறது. தண்டு மெலிந்து சாய்ந்துவிடும். முளை தலைகாட்டிய அன்றே ஜன்னல் ஒளிக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னல் இல்லாவிட்டால் வெள்ளை எல்இடி விளக்கை 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு அணைத்துவிடுங்கள். நீங்களும் காலையில் சிறிது நேரம் வெளியில் நில்லுங்கள். வைட்டமின் டி-யை உடம்பே ஆக்கிக்கொள்ள வெயில் தோலில் பட வேண்டும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்தால் அந்தக் கதிர் வந்து சேராது. அப்படியே நடந்துவிட்டு வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளுக்கு அரைமணி நடை என்று வைத்துக்கொண்டால் அது கைகூடிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் அடுத்தடுத்துச் சிலருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. சுகாதார ஊழியர்கள் வந்து தேடியபோது பூந்தொட்டித் தட்டுகளிலும் திறந்து கிடந்த வாளிகளிலும் கொசுப்புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரில் செடி வளர்ப்பவருக்கு இரட்டைக் கடமை என்று அன்று உணர்ந்துகொண்டோம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மணி பிளாண்ட் வைத்த புட்டியின் நீரை வாரம் தவறாமல் மாற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். நீராகாரம் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வாளியில் பிறக்கும் கொசு உங்களை மட்டும் தேடி வராது. ஒருவர் தூய்மை காப்பது தம் வீட்டுக்கு மட்டும் செய்யும் நன்மையும் அன்று.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 1989-இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வில், மூடிய பெட்டிக்குள் வைத்த செடிகள் சில நச்சு ஆவிகளைக் குறைத்தது உண்மை. நாம் வாழும் அறை மூடிய பெட்டி இல்லை. திறந்த ஜன்னலுக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது நெருக்கி வைக்க வேண்டியிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே செடியை அதன் அழகுக்கும் கீரைக்குமாக வளர்த்து, நல்ல காற்றுக்கு ஜன்னலைத் திறவுங்கள். தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போடுங்கள்.

விளைந்த கீரையை உண்பதிலும் கவனம் வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் வளரும் இலையில் நைட்ரேட் மிகுதியாகத் தங்கும். அதனால் விடியலில் பறிப்பதைவிட நல்ல ஒளி பட்ட பிறகு மாலையில் பறிப்பது மேல். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கைக் குறைத்து, உண்ணும்போது வேகவைத்த நீரை வடித்துவிடட்டும். சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து உண்ணட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள், கீரையின் அளவை ஒரு வாரம் கூட்டி மறுவாரம் நிறுத்தி விளையாடக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் நண்பர். அவரைப்போல் ஒழுங்காக மண்ணில்லா வளர்ப்பைச் செய்தவரை நான் கண்டதில்லை. தினமும் காலையில் பிஹெச், இசி, நீரின் வெப்பம் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுவார். ஒருமுறை அவர் காலில் ஒரு சிறு புண் ஆறாமல் இருந்தது. செருப்பு கடித்தது என்று விட்டுவிட்டார். அவர் மனைவி வற்புறுத்தி அழைத்துச் சென்றபோது சர்க்கரை மிக உயர்ந்திருப்பது தெரிந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ரத்தத்தைச் சோதித்ததே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணித்தது. அறியாமலே இருப்பவர்களும் அவர்களில் உண்டு.

அவர் அதற்குப் பிறகு நடந்துகொண்ட விதத்துக்காகவே இதைச் சொல்கிறேன். புலம்பவில்லை. மாற்று வைத்தியம் தேடி அலையவில்லை. செடிக்கு எழுதிய அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் தம் சர்க்கரை அளவு, நடை, மாத்திரை எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார். இரவு படுக்குமுன் இரண்டு பாதங்களையும் கழுவித் துடைத்து, விரலிடுக்குவரை பார்ப்பார். சோற்றின் அளவைக் குறைத்து, காயும் கீரையும் பருப்பும் கூட்டினார். புண் ஆற மாதங்கள் ஆயின. சில வாரங்களில் எண்கள் நல்லபடி வரும், சில வாரங்களில் காரணமின்றி ஏறும். இரண்டையும் ஒரே கையெழுத்தில் எழுதினார். "செடிக்கு ஒரு வாரம் சரியில்லேன்னா வாளியைத் தூக்கியா எறியுறோம்? அளந்து சரி பண்றோம். உடம்பும் அப்படித்தாம்மா" என்று என்னிடம் சொன்னார். அவர் கால் தப்பியது. அவரைக் காப்பாற்றியது மருந்தும், மருந்தை விடாமல் பற்றிய அவருடைய பொறுமையும்.

பொறுமை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு தாங்கிக்கொள்வதாக நினைக்கிறீர்கள். நிலத்தைப் பாருங்கள். அது சும்மா இருப்பதில்லை. மிகுதியைப் பிடித்துவைக்கிறது, பற்றாக்குறைக்குக் கொடுக்கிறது, நாள் தவறாமல் வேலை செய்கிறது. யாரும் பாராட்டாத வேலை அது. நீங்கள் பழக வேண்டிய பொறுமை அதுவே.

ஆகவே, என் பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒரே ஒரு வாளியில் தொடங்குங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் செடிக்கு, வலப்பக்கம் உங்களுக்கு. செடிக்குப் பிஹெச், இசி, வேரின் நிறம். உங்களுக்குத் தூங்கிய நேரம், நடந்த நேரம், உண்ட கீரை. முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அதில் எழுதுங்கள். முதல் மாதம் செடி வாடலாம், உங்கள் பக்கத்திலும் வெற்றிடங்கள் இருக்கலாம். நோட்டை மூடிவிடாதீர்கள். மறுநாள் தேதியைப் போட்டு மறுபடி எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்பவருக்கு வாளியில் கீரை கிடைக்கும். ஓர் ஆண்டு விடாமல் செய்பவருக்கு அந்தப் பழக்கமே வாழ்நாள் முழுதும் துணை நிற்கும்.